மாப்ளைக்கு: அந்த காப்பி பேஸ்ட் விஷயம்

மாப்ள,

நல்லாருக்கியா? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு மெசேஜ் பாத்தேன், சொட்டு மருந்த மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு, அதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. இங்க கல்யாண சீசன், பத்திரிகை வேலை மேல வேலையா வருது, தூக்கமே இல்ல.

கும்பாபிஷேக மலர் வேலைய உன் தலைல கட்டிட்டாங்கன்னு கேட்டு சிரிச்சேன். நன்கொடை லிஸ்ட் எக்செல்ல, அட்ரஸ் வாட்ஸப்ல, வாழ்த்துச் செய்தி மெயில்ல, எல்லாத்தையும் வேர்டுக்கு ஒண்ணொண்ணா தூக்கிட்டு வர்றேன்னு எழுதிருந்தியே, எதுக்குடா இந்த பாடு? விண்டோஸ் கீயயும் வி-யயும் சேத்து அமுக்கிப் பாரு, காப்பி பண்ணதையெல்லாம் சேத்து வக்கிற லிஸ்ட் (க்ளிப்போர்டு ஹிஸ்டரி) தெறக்கும். முதல் தடவ ஆன் பண்ணவான்னு கேக்கும், பண்ணிடு. 2018 கடைசில விண்டோஸ் 10-லயே வந்துடுச்சு, பாதி பேருக்கு இன்னும் தெரியாது. கடைசியா காப்பி பண்ண 25 ஐட்டம் வரைக்கும் வரிசையா நிக்கும், வேணுங்கறத க்ளிக் பண்ணா கர்சர் இருக்கற எடத்துல வந்து உக்காந்துக்கும். அதனால முதல்ல எக்செல், வாட்ஸப், மெயில்னு ஒரு ரவுண்டு போயி கண்ட்ரோல் சி மட்டும் போட்டுக்கிட்டே வா, அப்புறம் வேர்டுல உக்காந்து வரிசையா எறக்கு. விண்டோ மாத்தி மாத்தி ஓடுறதுதான்டா அசதி, டைப்பிங் இல்ல.

மெஷின ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் போயிடும், ஆனா லிஸ்ட்லயே பின் பண்ணி (அழியாம குத்தி) வச்சது போகாது. "நன்கொடை வழங்கியவர்", கோயில் பேரு, விழாக்குழு அட்ரஸ் இதெல்லாம் பின் பண்ணிக்கோ.

எக்செல்லேர்ந்து எடுத்தா கட்டம் கட்டமா டேபிளாவே வந்து விழுதுன்னு திட்டிருந்தல்ல, அது வேர்டு பண்ற வேலை. காப்பி பண்ணும்போது ஒரே விஷயம் டேபிளாவும் வெறும் எழுத்தாவும் ரெண்டு மூணு வேஷத்துல உள்ள போகுது, எந்த வேஷம் வேணும்னு பேஸ்ட் பண்ற ப்ரோக்ராம்தான் எடுத்துக்குது. நோட்பேடுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும் (புது விண்டோஸ் 11 நோட்பேடுல ஃபார்மேட்டிங் இருந்தா அத ஆஃப் பண்ணிக்கோ), அதனால நோட்பேடுல போட்டு அங்கேர்ந்து திரும்ப காப்பி பண்ணு, சுத்தமாயிடும்.

பழைய மலர்லேர்ந்து தல வரலாறு எடுக்கறதா இருந்தா உஷாரு. அது யூனிகோடுக்கு முன்னாடி இருந்த பாமினிங்கற தமிழ் ஃபாண்ட்ல, பேஜ்மேக்கர்ங்கற பழைய புத்தக லேஅவுட் சாஃப்ட்வேர்ல அடிச்சதா இருக்கும், காப்பி ஆகறது எழுத்து குறியீடு மட்டும்தான், ஃபாண்ட மாத்துனா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். ஃபாண்ட் கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா (எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியற எழுத்தா) மாத்திக்கோ, பழசும் புதுசும் ரெண்டுமே லிஸ்ட்ல நிக்கறதால ஒப்பிட்டுப் பாக்கவும் வசதி.

இன்னும் பெரிய வேலைன்னா இதே மாதிரி காப்பி லிஸ்ட் வச்சுக்கற டிட்டோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, நான் அதத்தான் வச்சிருக்கேன். ரீஸ்டார்ட் பண்ணாலும் எதும் போகாது, போன வாரம் காப்பி பண்ணத கூட பேர அடிச்சு தேடி எடுத்துக்கலாம். ஆனா அதே காரணத்துக்காக பயமும் இருக்கு, பாஸ்வேர்டு, நன்கொடை அக்கவுண்ட் நம்பர் எல்லாம் அப்படியே அதுல கெடக்கும். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்னா நாலு பேரு தொடுவான், டிட்டோ வேணாம், விண்டோஸ் வி-யே போதும், எந்திரிக்கும்போது க்ளியர் ஆல் போட்டுட்டு எந்திரி. மத்த மெஷினுக்கு சிங்க் பண்றத ஆன் பண்ணாத.

பிடிஎஃப் ரெடியானதும் அனுப்பு, ப்ரூஃப் நான் பாத்து தர்றேன். நன்கொடை லிஸ்ட்ல தொகை வரிசையா, அகர வரிசையான்னு மட்டும் கமிட்டிகிட்ட எழுதி வாங்கிக்கோ, நீயா முடிவு பண்ணாத, ஊருக்குள்ள அப்புறம் பொண்ணு கேக்க போக முடியாது.