எந்தப் பாத்திரம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிபிடித்த பாத்திரத்தைச் சுத்தம் செய்ய உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. புளியும் சாம்பலும் சேர்த்து, கம்பி நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தீர்கள். எந்தப் பாத்திரத்தை என்று மட்டும் சொல்லவில்லை. பித்தளைக் குடத்துக்குப் புளி சரிதான். என் நாத்தனார் அதை எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியில் செய்து பார்த்தார். கரி அசையவில்லை. கரி இல்லாத இடமெல்லாம் கீறல்.

இந்தச் சட்டி இப்போது குமரி மாவட்டத்து அடுக்களைகளில் அபூர்வம் இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது சுமந்து வருகிறார்கள். என்னிடம் இருப்பது குவைத்தில் நர்ஸாக இருக்கும் மருமகள் கொண்டுவந்தது. கனத்த அடி, சூடு சீராக நிற்கும். சக்கை வரட்டி (பலாச்சுளையை வெல்லத்தோடு கிண்டும் பண்டம்) கிண்ட, வெண்கல உருளிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். ஆனால் சக்கைச் சுளையும் வெல்லமும் மணிக்கணக்கில் வேகிற இடத்தில் கை கொஞ்சம் ஓய்ந்தாலும் அடியில் கருகிவிடும். எத்தனை கைப்பழக்கம் உள்ளவர் கிண்டினாலும் இது நடக்கும்.

எனாமல் என்பது பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்பின்மேல் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். அதைக் கீற அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட் என்ற தாதுவோடு, கண்ணாடியைவிடக் கடினமான கார்னெட், சிர்க்கான் என்ற கனிமங்களும் கிடக்கின்றன. கார்னெட்டை வைத்து உப்புத்தாளே செய்கிறார்கள். கடற்கரை மணலை அள்ளிப் பாத்திரம் தேய்த்த பாட்டிமார் கையில் இருந்தவை இரும்பும் வெண்கலமும், அவை தாங்கின. பல் தேய்க்கும் உமிக்கரியிலும் சிலிக்கா என்ற, மணலில் இருக்கும் கடினப் பொருள் நிறைய உண்டு. அதுவும் இந்தச் சட்டிக்கு ஆகாது.

கருகிக் கிடப்பது வெல்லமும் மாவும் எண்ணெயும். புளியின் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கும், கருகிய வெல்லத்தை ஒன்றும் செய்யாது. எனாமலில் புளியை வெகுநேரம் ஊறவிட்டால் மினுமினுப்பு மங்குவதுதான் மிச்சம். இங்கே வேலை செய்வது ஆப்ப சோடா. சட்டி நன்றாக ஆறிய பிறகு, கரி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். சூட்டில் ஆப்ப சோடா மெல்ல மெல்ல சலவை சோடாவாக மாறுகிறது, அதனால் வேகம் கூடும். அடுப்பை அணைத்துவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் மர அகப்பையால் தள்ளினாலே பெரும்பகுதி பாளமாகக் கிளம்பி வரும். அப்புறமும் நிற்கிற பழுப்புக் கறைக்கு மருமகள் சொன்ன வழி: மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சோடாவைக் குழைத்துக் கறைமேல் அப்பி, சில மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது. குழைத்ததில் மிஞ்சியதை மூடியுள்ள பாட்டிலில் வைக்கக் கூடாது. வாயு கிளம்பி பாட்டில் வெடிக்கலாம்.

சோடாவோடு வினிகரையும் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. நுரைத்துப் பொங்கும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், கறையைக் கரைக்க இரண்டுமே மிஞ்சாது.

இதே சோடாத் தண்ணீரை அலுமினியச் சட்டியில் கொதிக்கவைத்தால் பாத்திரம் கறுத்துப்போகும். எண்ணெய் ஏறிப் பழகிய தோசைக்கல்லில் ஊற்றினால் அந்தப் பழக்கம் கழன்று, அடுத்த தோசை கல்லை விட்டு வராது. அதனால்தான் கேட்கிறேன்: இனி இப்படிக் குறிப்பு போடும்போது முதல் வரியிலேயே பாத்திரத்தின் பெயரைப் போடுங்கள். இடம் இல்லை என்றால் ‘பளபளவென மின்னும்’ என்கிற வரியை எடுத்துவிடலாம்.

சட்டியின் வெளிப்பக்கம் வழிந்து மஞ்சளாக இறுகும் எண்ணெய்ப் படலத்துக்கும் பெராக்சைடில் குழைத்த அதே சோடாதான். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் அப்படி இறுகாது, சூரியகாந்தி எண்ணெய் இறுகும். நம் பக்கத்து அடுக்களைக்கு அது ஒரு லாபம்.

சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, பூச்சு விரிசல் விடும். உள்ளே பூச்சு பெயர்ந்துவிட்டால் அதில் சமைக்காதீர்கள், துணுக்கு குழம்பில் விழும். சில சட்டிகளில் விளிம்பில் பூச்சு இருக்காது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. விளிம்பைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துரு ஏறும்.

கடையில் கேட்கும்போது ஆப்ப சோடா என்றே கேளுங்கள். பேக்கிங் பவுடரைத் தந்தால் வாங்க வேண்டாம். அதில் அமிலமும் மாவும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்