கோஹோவைக் குப்பையில் போடாதே

டர்பன்
அக்டோபர் 4

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே புரட்டாசி இன்னும் முடியவில்லை, மீன் சட்டி பரணில் இருக்கிறது. ஷாட் மீன் பிடிக்கவும் நவம்பர் 30 வரை தடை. ரீலுக்கு எண்ணெய் போட்டு மூலையில் சாய்த்துவிட்டு, நாலு நாளாக உன் கோஹோ சால்மன் படங்களைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

நாம் சின்ன வயதிலிருந்து சால்மன் என்று சொல்லிக்கொண்டு பிடித்ததெல்லாம் கொப் மீன். கேப் டவுன் பக்கம் கீல்பெக் மீனை அப்படிச் சொல்வார்கள். இரண்டுக்கும் நிஜ சால்மனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் கூட்டத்தில் நிஜமான சால்மனைக் கையில் பிடித்தவன் நீ ஒருவன்தான். அப்படிப்பட்டவன், "வெட்டிப் பார்த்தேன், புழு, முழு மீனையும் குப்பையில் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே. எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதல் படத்தில் சதைக்குள் பால் கட்டினாற்போல் வெள்ளை முத்துகள் தெரிகின்றன. உன் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் அதை டாப்பியோகா நோய் என்பார்கள். உன் மருமகள் சென்னைக்காரிதானே, ஜவ்வரிசி என்று சொல், சட்டென்று புரியும். ஹென்னகுயா என்ற ஒட்டுண்ணி அது. ஜெல்லிமீன் வம்சத்தில் வந்து, தேய்ந்து தேய்ந்து பத்து செல்லுக்கும் குறைவாகச் சுருங்கிப்போன உயிர். மூச்சு விடுவதற்கான மைட்டோகாண்ட்ரியா மரபணுவே அதற்கு இல்லை என்று 2020இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அப்படி ஒரு விலங்கை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மனிதனை அது ஒன்றும் செய்யாது. பால் வடிகிற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்திருக்கலாம்.

வாலோரம் ஒட்டியிருந்த பழுப்புப் பேன்களுக்கு நீ பயப்படவே வேண்டாம். கடற்பேன் ஆற்று நீரில் சில நாளுக்குமேல் தாங்காது, உதிர்ந்துவிடும். பின்னால் இரண்டு நூல் தொங்குகிறதே, அவை முட்டைச் சரங்கள். அது அறுபடாமல் இருந்தால் மீன் இப்போதுதான் கடலை விட்டு ஏறியிருக்கிறது. அதைவிடப் புதிய மீன் கிடைக்காது.

கவனமாக இருக்க வேண்டியது மூன்றாவது படத்தில் இருப்பதற்கு. வயிற்றுச் சுவரில் கடிகாரச் சுருள்போலச் சுருண்டு கிடக்கிறதே, அது அனிசாக்கிஸ் இனத்துப் புழு என்றே நினைக்கிறேன். நீட்டினால் இரண்டு சென்டிமீட்டர் வரும். பேரன் பச்சை சால்மனை விரும்பிச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாய், அங்கேதான் எனக்குக் கவலை. உயிரோடு உள்ளே போனால் இரைப்பைச் சுவரைத் துளைக்கும், வலி தாங்க முடியாது. எலுமிச்சை பிழிந்தாலும் வினிகரில் ஊறவைத்தாலும் அது சாகாது, லேசாகப் புகை போட்டாலும் சாகாது. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வை. வீட்டு ஃப்ரீசர்கள் பல அந்தக் குளிருக்குப் போவதில்லை, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார். நாடாப்புழுவும் இருக்கலாம். ஜப்பான் பக்கத்து வகை ஒன்று அலாஸ்கா பிங்க் சால்மனில் இருந்ததாக 2017இல் எழுதினார்கள். அதுவும் உறையவைத்தால் செத்துவிடும். குழம்பில் கொதித்த மீனைப் பற்றிக் கேள்வியே இல்லை, 63 டிகிரி சூடு உள்ளே ஏறினால் போதும். ஆனால் அனிசாக்கிஸ் சிலருக்குச் செத்த பிறகும் ஒவ்வாமை தரும். சாப்பிட்டதும் தடிப்புக் கிளம்பினால் டாக்டரிடம் போ. இன்னொன்று, மீனைப் பிடித்த கையோடு குடலை எடுத்து ஐஸில் போடு. குடலில் இருக்கிற புழு சதைக்குள் நகர இடம் கொடுக்காதே.

எங்கள் ஆயா கூட்டா மீன் அறுக்கும்போது வெள்ளை நூல்போல வரும், ஞாபகம் இருக்கிறதா? கத்தி முனையில் சுண்டிவிட்டுப் புளியைக் கரைக்கப் போய்விடுவாள். அது சுறாவின் குடலில் வளரும் நாடாப்புழுவின் குஞ்சு என்று நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான். சுறா இல்லையென்றால் அந்தப் புழு இல்லை.

அனிசாக்கிஸும் அப்படித்தான். திமிங்கலம், டால்பின் வயிற்றில்தான் அது முட்டையிடும். முட்டை கடலில் விழுந்து, குஞ்சு சிற்றிறாலுக்குள் போய், அதைத் தின்ற மீனுக்குள் போய், மறுபடி திமிங்கலத்துக்கே திரும்ப வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் புழு கிடையாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2021 வரை டின்னில் அடைத்த அலாஸ்கா சால்மன், 178 டின், திறந்து புழுக்களை எண்ணினார்கள். பிங்க், சம் என்ற சால்மன் வகை இரண்டிலும் எண்ணிக்கை ஏறியிருந்தது. உன் கோஹோவிலும் சாக்கை வகையிலும் மாறவில்லை. கடல் பாலூட்டிகளைக் கொல்லக் கூடாது என்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் வந்தது, அவை பெருகியதால் புழுவும் பெருகியிருக்கலாம் என்கிறார்கள். இதைப் படித்தபோது இங்கே பிளஃப் கரையில் திமிங்கலங்களை அறுத்த ஆலைதான் எனக்கு நினைவு வந்தது. காற்று திரும்பினால் அந்த நாற்றத்தில் சோறு இறங்காது நமக்கு. 1975இல் அது மூடியது. நாம் பையன்களாக இருந்தபோது உயிருள்ள திமிங்கலத்தை ஒருநாளாவது பார்த்தோமா?

2021 ஜூலையில் இங்கே ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, நஞ்சு ஓடையில் இறங்கி, உம்லாங்கா முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்தன. குப்பையில் போட வேண்டிய மீன் அதுதான், நண்பா. உன் கோஹோ அல்ல.

சதை கூழாகிப்போன ஒரு மீனைப் பற்றியும் கேட்டிருந்தாய். பண்ணையில் வளர்த்ததா என்று விசாரி. ஸ்நூக் மீன் அப்படிக் கூழாகிப்போனால் நம் கேப் மீனவர்கள் பாப் ஸ்நூக் என்பார்களே, பெரும்பாலும் அதே கூடோவா ஒட்டுண்ணியாக இருக்கும். 1920களில் கில்கிறிஸ்ட் என்ற விஞ்ஞானி நம் ஸ்நூக்கில்தான் அதை முதலில் விவரித்தார், அதன் பெயரிலேயே ஸ்நூக் இருக்கிறது. மீன் உயிரோடு இருக்கும்வரை வெளியே தெரியாது, செத்தபின் சதையைக் கரைத்துவிடும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வாயில் வைக்க முடியாது. அதை மட்டும் நீ தாராளமாக எறியலாம்.

என் இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, தூரம் நன்றாகத் தெரிகிறது. ஹம்ப்பேக் திமிங்கலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பும் சமயம் இது. ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பிளஃபுக்குக் கூட்டிப்போனேன். பழைய ஆலைப் பக்கம் நின்றோம். அரைமணி நேரத்தில் மூன்று நீரூற்று. ஒவ்வொன்றுக்கும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த கோஹோ கிடைத்ததும் குழம்பு வைத்து எழுது.

உன் பழைய தூண்டில் கூட்டாளி