ஆர்.என்.ஏ. திருத்தம் வேறு, பரம்பரையலகுத் திருத்தம் வேறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சி திங்கட்கிழமை விடியவே என் படலையைத் திறந்து வந்தார். அவருடைய கணவருக்கு இயக்க நரம்புக்கலங்கள் நலிந்துபோகும் நோய். கை தூக்க முடியாமல் போய் இரண்டு வருடம். இப்போது சோறு விழுங்குவதும் கஷ்டம். "ரீச்சர், இதிலை போட்டிருக்கிற திருத்திற வைத்தியம் இவருக்குச் சரிவருமோ? கொழும்பிலை ஒருக்கா கேட்டுப் பாப்பமோ?" என்றார். கட்டுரையில் ஒரு வரியின் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார். சிகிச்சையை 'ஆர்.என்.ஏ. திருத்தம்' என்று சொல்லும் அந்த வரி பிழையானது.

அரிவாள் உருக் குருதிச்சோகைக்கு 2023 இன் கடைசியில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்த சிகிச்சையைப் பற்றியது கட்டுரை. அதை மூன்று இடங்களில் 'ஆர்.என்.ஏ. திருத்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் நோயாளியின் குருதியை ஆக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, பரம்பரையலகுகள் எழுதப்பட்டிருக்கும் அவற்றின் டி.என்.ஏ. ஐ வெட்டி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். வெட்டினால் வெட்டியதுதான், அவை பிரிந்து உண்டாகும் மகட்கலங்களுக்கும் அந்த வெட்டு போகும். இது பரம்பரையலகுத் திருத்தம்.

ஆர்.என்.ஏ. திருத்தமோ எவரும் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய உத்தி அல்ல. இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் மூளையில் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. டி.என்.ஏ. இல் ஒரு எழுத்தும் மாறாது. அதிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. பிரதியில் மட்டும், ஏடார் என்னும் நொதியங்கள் அடினோசீன் என்னும் ஓர் எழுத்தை இனோசீனாக மாற்றிவிடும். பிரதியை வாசித்துப் புரதம் கட்டும் இறைபோசோம் அதைக் குவானோசீன் என்று வாசித்துவிடும். ஆதலால் பரம்பரையலகில் எழுதியிராத அமினோ அமிலம் ஒன்று புரதத்தில் வந்து உட்காரும். அந்தப் பிரதி சிதைந்தவுடன் திருத்தமும் அதனோடு போய்விடும்.

ஓர் எழுத்துத்தானே என்று நினைக்கக்கூடாது. நரம்புக்கலத்தில் சைகையை ஏற்கும் குளுற்றமேற்று வாங்கிகளில் குளுஏ2 என்றொரு துண்டு உண்டு. அதில் குறிப்பிட்ட ஓரிடத்தில் குளுற்றமீன் என்னும் அமினோ அமிலம் வரவேண்டும் என்றுதான் பரம்பரையலகு சொல்கிறது. வளர்ந்த மூளையில் அநேகமாக எல்லாப் பிரதிகளிலும் அது ஆர்ஜினீனாக மாற்றப்படுகிறது. அந்த மாற்றம்தான் கல்சியம் உள்ளே பாய்வதைத் தடுக்கிறது. இதைச் செய்யும் ஏடார்2 என்னும் நொதியம் இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் வலிப்பு வந்து மூன்று கிழமையளவில் இறந்துபோயின. குளுஏ2 இன் டி.என்.ஏ. இலேயே அந்த எழுத்தை மாற்றி எழுதிக் கொடுத்தபோது அவை உயிர் பிழைத்தன. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது.

கலம் இதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதைத்தான் என் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டேன். இந்தக் குளுஏ2 திருத்தம் கலத்தின் கருவுக்குள் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். குளுஏ2 பிரதியில் திருத்தவேண்டிய இடம், பின்னர் வெட்டி எறியப்படும் இன்ரோன் பகுதியோடு சோடி சேர்ந்து கொண்டையூசிபோல் மடிந்து நிற்கும். ஏடார் பிடிப்பது அந்த மடிப்பைத்தான். இன்ரோன் போய்விட்டால் மடிப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. ஏடார்2 இன் பெரும்பகுதி, கருவினுள்ளே இருக்கும் சிறு திரளான புன்கருவுக்குள் திரண்டு கிடக்கும். அங்கே இருக்கும்வரை மற்றப் பிரதிகளை அது தொடாது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. கருவின் மற்றப் பகுதிகளில் கூடும்போது வெளியே வந்து வேலை செய்யும் என்பதை 2003 இல் காட்டினார்கள். கருவுக்குள் பின்1 என்னும் நொதியம் ஏடார்2 ஐப் பற்றிக்கொண்டால் அது நிலைத்திருக்கும். வெளியே குழியவுருவில் அகப்பட்டால் இன்னொரு நொதியம் அழிவுக் குறி இட்டுவிடும். இளம் நரம்புக்கலங்களில் ஏடார்2 கருவுக்குள் குறைவு. கலம் முதிர முதிரத்தான் உள்ளே சேருகிறது, திருத்தமும் கூடுகிறது.

இன்னொன்று, எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது: ஏடார்2 தன்னுடைய பிரதியையும் தானே திருத்துகிறது. அந்தத் திருத்தத்தால் 47 எழுத்துக்கள் மேலதிகமாக உள்ளே புகுந்து, வாசிப்பு ஒழுங்கு பிசகி, முழுப் புரதம் உண்டாவது குறைந்துவிடும். கூடிப்போனால் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு.

இந்தத் திருத்தம் கணவாயில் எவ்வளவு அதிகம் தெரியுமா? குருநகர்ச் சந்தையில் ஓர் ஊசிக்கணவாய் வாங்கி, கறிக்கு வெட்ட முன் உடலைச் சுற்றியிருக்கும் போர்வையை நீளத்துக்குக் கீறி விரித்துப் பாருங்கள். உள்சுவரின் இரு பக்கமும் மங்கலான ஒரு நரம்பு முடிச்சு தெரியும். அதிலிருந்து நரம்புகள் விரல்கள் போலப் பிரிந்து தசைக்குள் போகும். உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் அதைக் காட்டாமல் விட்டதில்லை. அத்திலாந்திக் கடலின் கணவாய் இனம் ஒன்றின் நரம்புத் தொகுதியில், புரதத்தை மாற்றும் ஆர்.என்.ஏ. திருத்த இடங்கள் 57 ஆயிரத்துக்கு மேல் என்று 2015 இல் கணக்கிட்டார்கள். மனிதரில் அவ்வாறான இடங்கள் மிகச் சொற்பம். நாங்கள் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டும் பிராணியின் உறவினம் அது.

அந்தத் தங்கச்சிக்கு நான் என்ன சொல்வது? பரம்பரையாக வராத வகை இயக்க நரம்பு நோயில் இறந்தவர்களின் நரம்புக்கலங்களில், அந்தக் குளுஏ2 திருத்தம் குறைப்பட்டிருந்ததை 2004 இல் கண்டார்கள் என்பது உண்மை. ஆர்.என்.ஏ. திருத்தத்தை மருந்தாக்கும் முயற்சி வேறொரு பரம்பரை நோய்க்காக மனிதரில் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் இவருடைய நோய்க்கு அப்படியொரு சிகிச்சை இன்று இல்லை. இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம், கிளினிக்கைத் தவறவிட வேண்டாம் என்றேன். கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் சொன்னதை முழுக்க நம்பினாரென்று எனக்குத் தோன்றவில்லை. அச்சில் வந்ததை நான் வாயால் மறுத்தால் யார்தான் நம்புவார்?

எனவே இரண்டு கேட்கிறேன். திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இனிமேல் இவற்றுக்கு வெவ்வேறு சொல் வையுங்கள். எங்கள் பாடநூல்களில் பிரதியெடுத்தல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது; ஆர்.என்.ஏ. இல் நடப்பதைப் 'பிரதித் திருத்தம்' என்று எழுதலாம். டி.என்.ஏ. இல் செய்வது 'பரம்பரையலகுத் திருத்தம்' என்றே இருக்கட்டும்.

வருகிற ஞாயிறும் அவர் சந்திக் கடையில் உங்கள் பத்திரிகையை வாங்குவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொக்குவில்.