விடுதலை நாள் விழாவில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் முகவுரையைத் தமிழிலும் வாசிக்க இடம் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஆசிரியை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
மாணவர்கள், பெற்றோர் அனைவரின் சார்பாக,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்
மாண்புமிகு மாகாண நிர்வாகக் குழு உறுப்பினர் அவர்கள்,
விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை,
குவாசூலு-நட்டால் மாகாண அரசு,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

நாள்: 22 பிப்ரவரி 2026

பொருள்: ஏப்ரல் 27 விடுதலை நாள் விழாவில் முகவுரையைச் சூலு மொழியோடு தமிழிலும் வாசிக்க இடம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம்.

வரும் ஏப்ரல் 27 அன்று நம் மாகாணம் விடுதலை நாளைக் கொண்டாடவிருக்கிறது. அந்த மேடையில் ஒரு குழந்தை சூலு மொழியிலும் இன்னொரு குழந்தை தமிழிலும் நம் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்க இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மனு. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. மனுவின் ஆங்கில, சூலுப் படிகளையும் உடன் வைத்திருக்கிறோம். தமிழ்ப் படியை மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று.

சட்டத்தின் 6ஆம் பிரிவைச் சொல்கிறேன். ஆட்சிமொழிகளை வரிசைப்படுத்தும் அதே பிரிவு, இங்குள்ள சமூகங்கள் பேசும் பிற மொழிகளையும் வளர்க்க வேண்டும், அவற்றுக்குரிய மதிப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று மொழி வாரியத்துக்குக் கட்டளையிடுகிறது. அங்கே ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தமிழ், தெலுங்கு, உருது என்று பெயர்கள் வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இதே கோரிக்கையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "தமிழ் ஆட்சிமொழி அல்லவே" என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்சிமொழித் தகுதியை நாங்கள் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. சட்டம் எங்கள் மொழிக்குத் தந்திருக்கும் மதிப்பை மக்கள் கூடும் மேடையில் ஒருமுறை கண்ணால் காண விரும்புகிறோம்.

இந்த நாட்டுக்குத் தொடக்க நாள்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன என்பது தாங்கள் அறிந்ததே. 1910 மே 31இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. 1961இல் அதே மே 31இல் குடியரசு பிறந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த இந்தியர்கள் 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாள்களிலும் கொண்டாட எதுவும் இருக்கவில்லை. ஒன்றியம் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், ஒப்பந்தம் முடிந்த கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் இந்த மண்ணில் சுதந்திரமாக வாழ்வதற்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த வரியையும் எங்கள் திருமணங்களைச் செல்லாதவை என்ற தீர்ப்பையும் எதிர்த்து நடந்தவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில், தங்கள் அலுவலகம் இருக்கும் அதே ஊரில், கடுங்காவல் அனுபவித்து நோயோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவளுக்கு வயது 16. இன்று அவள் நினைவு நாள். இந்த மனுவுக்கு இந்தத் தேதியைத் தேடித்தான் வைத்தோம்.

எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களித்த 1994 ஏப்ரல் 27 அப்படிப்பட்ட நாள் அல்ல. என் தந்தை டர்பன் நகராட்சியில் தெருக் கூட்டியவர். மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்த எங்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். 1984இல் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்துத் தேர்தல் நடத்தியபோது எங்கள் மக்களில் பெரும்பாலோர் அதைப் புறக்கணித்தார்கள். என் அம்மாவும் போகவில்லை. தன் அறுபத்து நான்காம் வயதில், 1994இல், முதன்முறையாக வாக்குச்சாவடி வரிசையில் நின்றார். முன்னால் நின்ற சூலு மூதாட்டிக்குக் குடை பிடித்தபடியே நின்றார். இருவருக்கும் பொது மொழி என்று எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "நாம் வாக்களித்துவிட்டோம்" என்பது. எங்கள் வீட்டைத்தான் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன்.

அந்த "நாம்" என்ன என்பது எனக்குப் புரிந்தது சென்ற ஆண்டு, என் வகுப்பில். முகவுரையைத் தமிழாக்குவதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். முதல் சொல்லிலேயே தடுமாறி நின்றுவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘We’ என்ற ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. "நாங்கள்" என்று சொன்னால் கேட்பவர் வெளியே நிற்கிறார். "நாம்" என்று சொன்னால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், ‘நாங்கள், தென்னாப்பிரிக்க மக்கள்’ என்று எழுதினால், இதைக் கேட்கிற பக்கத்து வீட்டு அக்கா யார்?" பக்கத்து வீட்டு அக்கா சூலு பேசுபவர். முக்கால் மணி நேரம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம். நாற்பது ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். குடிமையியல் பாடம் அவ்வளவு ஆழமாக என் வகுப்பில் இறங்கிய வேறொரு நாள் எனக்கு நினைவில்லை. கடைசியில் பிள்ளைகள் எழுதியது இது:

"நாம், தென்னாப்பிரிக்க மக்கள், நம் கடந்த காலத்தின் அநீதிகளை உணர்ந்து ஒப்புக்கொள்கிறோம், நம் மண்ணில் நீதிக்காகவும் விடுதலைக்காகவும் துன்புற்றவர்களைப் போற்றுகிறோம்."

சற்றுத் தள்ளி, "தென்னாப்பிரிக்கா இதில் வாழும் அனைவருக்கும் உரியது, நம் வேற்றுமைகளோடு நாம் ஒன்றுபட்டவர்கள் என்று நம்புகிறோம்" என்ற வரி வருகிறது. 1910இலும் 1961இலும் இந்த நாட்டின் பெயரால் பேசியவர்கள் சொன்னது "நாங்கள்". எங்களை வெளியே நிறுத்திய சொல் அது. 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் நெல்சன் மண்டேலா கையெழுத்திட்ட சட்டம் "நாம்" என்று தொடங்குகிறது. இதைத் தமிழ் இவ்வளவு துலக்கமாகக் காட்டுகிறதென்றால், அது தமிழர்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கலாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலரின் உயிர்கள் பறிபோயின. எங்கள் சமூகத்தைச் சேர்ந்த சிலரும் கை நீட்டிய நாள்கள் அவை. அந்த வாரத்தில் பக்கத்துத் தெருவைக் கண்டே பயந்த குழந்தைகள் இன்று என் வகுப்பில் படிக்கிறார்கள். தமிழ் மட்டும் மேடையேற வேண்டும் என்று நாங்கள் கேட்காததற்குக் காரணம் இதுவே. சூலு வாசிப்புதான் முதலில் வர வேண்டும். இரண்டு குழந்தைகளும் அருகருகே நிற்க வேண்டும். இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது பேசும் சமூகங்களும் விரும்பினால் அவர்களுக்கும் இடம் தருமாறு வேண்டுகிறோம். அவர்களுக்காகக் காத்திருக்கவும் தயங்க மாட்டோம்.

ஏப்ரல் விழாவின் நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் வருத்தப்படமாட்டோம். அரசியலமைப்பில் கையெழுத்தானதன் முப்பதாவது ஆண்டு நிறைவு வரும் டிசம்பர் 10 அன்று வருகிறது. அந்த நாளை மாகாணம் நினைவுகூருமானால் அன்று வாசிக்க அனுமதி தந்தாலும் போதும். தமிழாக்கத்தைத் தங்கள் துறை தக்கவர்களைக் கொண்டு சரிபார்க்கட்டும். அவர்கள் சொல்லும் திருத்தங்களை ஏற்போம், "நாம்" என்பதை மாற்றச் சொன்னால் மட்டும் எங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்புத் தர வேண்டும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், மெர்பேங்க் பொது நூலகங்களில் சூலு, தமிழ் முகவுரைகளை ஒரே தாளில் அச்சிட்டு மாட்டவும் அனுமதி கோருகிறோம். அச்சுச் செலவைப் பெற்றோரே ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாசிக்கவிருப்பவள் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிதான். அவளோடு நிற்கப்போவது அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் மகன். இருவரும் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வாரங்களாக வாசித்துப் பழகிவருகிறார்கள். மார்ச் மாத இறுதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஒத்திகை வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, சாட்ஸ்வொர்த்.

இணைப்பு: முகவுரையின் தமிழாக்கம், கையெழுத்துப் படி; பெற்றோர் கையொப்பங்கள்; மனுவின் ஆங்கில, சூலுப் படிகள்.