கிரகணம் பார்க்க மெல்பர்னுக்கு டிக்கெட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் 2028 சூரிய கிரகணத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட அரைப்பக்கக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, செந்தூலிலிருந்து ஓர் அம்மா திங்கட்கிழமை காலையிலேயே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. "மகன் மெல்பர்ன்லதான் இருக்கான். சிட்னி, மெல்பர்ன், கென்பரா எல்லா ஊர்லயும் பாக்கலாம்னு பேப்பர்லயே போட்டிருக்கு. அப்படியே பேரனையும் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கும். மெல்பர்னுக்கே போட்டுடும்மா" என்றார்.

டிக்கெட் விற்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அவரை உட்காரவைத்து, வேண்டாம் என்றுதான் சொன்னேன். (போடவும் முடியாது என்பது வேறு விஷயம். பயண நாளுக்கு ஏறக்குறைய பதினொரு மாதம் இருக்கும்போதுதான் விமான நிறுவனங்கள் டிக்கெட் விற்பனையைத் திறக்கின்றன. 2027 ஆகஸ்ட்டுக்கு முன் யாரும் அலைய வேண்டாம்.)

உங்கள் கட்டுரையில் இருந்தது பொய் இல்லை. மூன்று ஊர்களிலும் கிரகணம் தெரியும். ஆனால் அந்த மூன்றில் சூரியன் முழுதாக மறையப்போவது சிட்னியில் மட்டும்தான். அந்த ஒரு வரி விடுபட்டுப் போனதால் இன்னும் எத்தனை பேர் மகன் வீடு, மகள் வீடு என்று தப்பான ஊருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

2028 ஜூலை 22, சனிக்கிழமை. நிலவின் முழு நிழல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி பகுதியில் கரையேறி, கண்டத்தைக் குறுக்கே கடந்து, டப்போ என்ற உள்நாட்டு ஊர் வழியாகச் சிட்னிக்கு வருகிறது. அப்புறம் கடலைத் தாண்டி நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறது. சிட்னியில் பிற்பகல் 2 மணியை ஒட்டி, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முழு மறைப்பு இருக்கும். அந்த நகரத்தில் இதற்கு முன் இப்படி நடந்தது 1857இல். அடுத்தது 2858இல்தான். மெல்பர்ன் இந்தப் பாதைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. கென்பராவில் அதைவிடக் கூடுதலாக மறையும், ஆனாலும் அது பாதைக்கு வெளியேதான்.

"தொண்ணூறு விழுக்காடு மறைஞ்சா போதாதா?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். போதாது. சூரியனின் வெளிச்சம் முழுநிலவைப் போல ஏறக்குறைய நாலு லட்சம் மடங்கு. 99 விழுக்காடு மறைந்தாலும் மிச்சமிருக்கும் அந்த ஒன்றே ஆயிரக்கணக்கான முழுநிலவுகளுக்குச் சமம். அதில் இருட்டாவது, நட்சத்திரமாவது! 2016 மார்ச்சில் இங்கே கோலாலம்பூரில் காலை வேளையில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது பலருக்கு நினைவிருக்கலாம். எங்கள் கடை வரிசையில் நின்று பார்த்தவர்கள் "கொஞ்சம் மப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

முழு கிரகணம் என்பது வேறு. 2023 ஏப்ரல் 20, நோன்புப் பெருநாளுக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை, நானும் என் கணவரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் இருந்தோம். பெர்த்திலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்ட வேண்டும். "ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு தூரமா" என்று அவர் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உண்மையிலேயே ஒரு நிமிடம்தான். முதல் ஒரு மணி நேரம் கண்ணாடி போட்டுப் பார்த்தால் சூரியன் தேய்வது தெரியும், கழற்றினால் வழக்கமான வெயில். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் மாறத் தொடங்கியது. வெயில் இருக்கிறது, ஆனால் உறைப்பு இல்லை. நிழல்களின் ஓரம் கூர்மையாகிவிட்டது. என் துப்பட்டாக் குஞ்சத்தின் ஒவ்வொரு நூலும் அந்தச் சிவப்பு மண்ணில் தனித்தனி நிழலாக விழுந்ததை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று குளிர்ந்தது. பிறகு படக்கென்று இருட்டு. சூரியன் இருந்த இடத்தில் கரிய வட்டம், அதைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளை ஒளி இழைகள், விளிம்பில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்னத் தீக்கொழுந்துகள். பக்கத்திலேயே வியாழன், சற்றுத் தள்ளி வெள்ளி. முணுமுணுத்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில் அவராகவே கேட்டார்: "அடுத்தது எப்போ?"

அதற்காகச் சிட்னியில் போய் இறங்கினால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மேகம் இருக்கிறதே! 2016இல் சிவராத்திரி முடிந்த மறுநாள் நான் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரத்துக்குப் போயிருந்தேன். அந்த நகரம் முழு நிழலின் பாதையில்தான் இருந்தது. மூசி ஆற்றின் மேல் உள்ள அம்பெரா பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை விட்டார்கள், விடியும் முன்பே கூட்டம். இருட்டியது, சுற்றிலும் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது, எல்லாம் நடந்தது. சூரியன் மட்டும் மேகத்துக்குப் பின்னால். அதே நாளில் சுலாவெசியில் பாலு நகரத்துக்காரர்கள் நன்றாகப் பார்த்தார்கள். ஆகவே சிட்னிக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய், வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கடலோரம் மப்பாக இருக்கும் போலிருந்தால் மலையைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். டப்போ சுமார் ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். முதல் நாளே கிளம்பிவிடுவது நல்லது, அன்று காலையில் சாலை என்ன பாடுபடும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: ஜூலை அங்கே குளிர்காலம், சூரியன் வடக்குப் பக்கம் தாழ்வாக நிற்கும். வடக்கே உயரமான கட்டடம் உள்ள இடத்தில் பாயை விரிக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்தக் கிரகணம் ஆடி அமாவாசையை ஒட்டி வருகிறது. பெற்றோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் எந்த நாள், எந்த நேரம் என்று குருக்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கும் போக நினைப்பவர்கள், அன்று நடை எப்போது சாத்துவார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கிரகணம் முடியும்வரை சாப்பிடக் கூடாது, முடிந்ததும் குளிக்க வேண்டும் என்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். என் மாமியார் சொல்லி நானும் எக்ஸ்மவுத்தில் குளித்தேன், அந்தப் புழுதிக்குக் குளிக்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் எக்ஸ்ரே படம், பழைய சிடி, இரண்டு கறுப்புக் கண்ணாடி சேர்த்துப் போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரம் உள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். முழுதாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் அதைக் கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும். ஓர் ஓரத்தில் வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும்.

நம் நாட்டிலும் முழு நிழல் விழாமல் இல்லை. 1929 மே 9 அன்று கெடாவில் விழுந்தது, கிரீனிச்சிலிருந்து வானியலாளர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலோர் ஸ்டார்வரை வந்தார்கள். அடுத்து 2031 மே 21 அன்று தென்தமிழகம், வட இலங்கை வழியாக நம் தீபகற்பத்தின் வடபகுதிக்கு ஒரு கிரகணம் வருகிறது. அது முழு கிரகணம் அல்ல, வளைய கிரகணம். நடுவில் மறைந்தாலும் சுற்றிலும் நெருப்பு வளையம் மிஞ்சும், கண்ணாடியை ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது. அப்போதும் நீங்கள் கட்டுரை போடுவீர்கள். ஊர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல், நிழல் போகும் பாதையை ஒரு வரைபடமாகப் போடுங்கள். கண்ணாடி விஷயத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அதற்கு முன், வரும் ஞாயிறு சிட்னிப் பாதையின் வரைபடத்தையும் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்