அள்ளாமல் விட்ட இலைகள்

அன்பான சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும்,

ஆறு கிழமைக்குப் பிறகு, பிள்ளைகளின் அம்மா வியாழக்கிழமை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை நான் எழுதும்போது அறையில் படுத்திருக்கிறார். சின்னவன் அவருடைய காலடியில் சுருண்டு கிடக்கிறான். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி, அம்மா இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுக்கிறான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை, சொல்லவும் தேவையில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். பெயர் பெயராகப் போட்டால் யாராவது விடுபட்டுப் போவார்கள், பிறகு அது வேறு பிரச்சினை. அதனால் ஒருவர் பெயரும் போடவில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

முதலில் எல்லோருக்குமாக ஒரு கும்பிடு. குளிர்சாதனப் பெட்டி மூட முடியாத அளவுக்கு இடியப்பமும் சொதியும் புட்டும் கொண்டுவந்து தந்த மாமிமாருக்கு (உங்கள் சாப்பாட்டுப் பெட்டிகள் 23, கழுவி கராஜில் அடுக்கியிருக்கிறேன், மூடிகள் மட்டும் ஆளுக்காள் மாறியிருக்கும்). மொன்றியலிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் காரோட்டி வந்து மூன்று நாள் நின்று, குளியலறைக் குழாயையும் திருத்திவிட்டுப் போன மச்சானுக்கு. என் இரவு வேலையைத் தங்களுக்குள் பிரித்துச் செய்த வேலைத்தல நண்பர்களுக்கு. தீபாவளி வருகிறதென்பதே எனக்கு மறந்துபோயிருந்தபோது இரண்டு பிள்ளைகளுக்கும் புதுச் சட்டையோடு வந்து நின்ற அக்காவுக்கு. அளவு பார்த்து ஸ்னோ சூட் வாங்கி வைத்தவர்களுக்கு, பாலர் வகுப்பு ரீச்சருக்கு, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்தத் தாதிக்கு. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது ஒரு கிழவருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் வலது பக்கத்து வீட்டுக்காரரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தாலியில் கலாப்ரியாப் பக்கத்து ஆள். இளம் வயதில் கனடாவுக்கு வந்தவர், ஸ்காபரோவில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் புதிதாக இருந்த காலத்திலேயே வாங்கிக் குடியேறியவர். எந்த நேரமும் தொப்பி, எந்த நேரமும் கையில் ஏதாவது ஆயுதம். அவருக்கும் எனக்கும் போன வருடம் வரைக்கும் இருந்த உறவு ஒரு மரத்தைப் பற்றியது மட்டும்தான்.

எங்கள் வீட்டு முன்னால் நிற்பது நோர்வே மேப்பிள். மரம் மாநகரசபைக்குச் சொந்தம், நிழல் எங்களுக்கு, இலை முழுக்க அவர் வீட்டுப் புல்லுக்கு. மேற்குக் காற்று அப்படி. ஒக்டோபரில் சிவந்து நின்று எல்லோரும் படமெடுக்கிற மேப்பிள் சாதி இல்லை இது. மற்ற மரங்கள் கொட்டி முடிக்கும்வரை பச்சையாக நின்றுவிட்டுக் கடைசியில் மஞ்சளாகி நவம்பரில் கொட்டும். போதாததற்கு இலைகளில் தார் தெறித்த மாதிரிக் கரும்புள்ளிகள். அது ஒரு பூஞ்சண நோய். கூடப் பிடித்த இலைகள் முன்கூட்டியே விழும். விழுந்த இலையிலேயே பூஞ்சணம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் புதுத் தளிர்களில் தொற்றும். ஆகவே இலையை ஒன்றும் விடாமல் கூட்டி, கடதாசிப் பைகளில் நிரப்பி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் மாநகரசபை வண்டிக்கு வைத்துவிட வேண்டும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? போன வருடம் அவர் என் வாசலில் நின்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் அன்று இரவு வேலை முடித்து வந்து படுத்தவன். நானும் இரண்டு சொல் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் தலையாட்டுவதோடு சரி.

இந்த வருடம், 2025 ஒக்டோபர் 13, தாங்ஸ்கிவிங் திங்கள். பள்ளிக்கூடமில்லை, டேகெயார் இல்லை. நன்றி சொல்லும் நாள் என்று ஊரே வான்கோழி சமைக்கிற அன்று எனக்கு நன்றி சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் வைத்தியசாலையிலிருந்து வந்து காரை நிறுத்தினால், எங்கள் முன் முற்றத்தில் இடுப்பளவு உயரத்துக்கு இலைக் குவியல். அவர் நீளப் பிடி வைத்த வாரியோடு நிற்கிறார். முன் விறாந்தையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பம்மா, முகம் முழுக்கக் கோபம்.

“இந்தாளுக்கு என்ன பிடிச்சிருக்கு? சனம் ரோட்டில கட்டி வைச்ச குப்பையை அவிழ்த்துக் கொண்டந்து எங்கட முற்றத்தில கொட்டுது!”

உண்மைதான். எங்கள் மரம் அந்த நேரம் அவ்வளவாகக் கொட்டத் தொடங்கவில்லை. மனிதர் தெருவில் மற்ற வீட்டுக்காரர் வண்டிக்கு வைத்திருந்த பைகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக ஒற்றைச் சில்லு வண்டியில் தள்ளி வந்து, எங்கள் முற்றத்தில் கவிழ்த்திருக்கிறார். பழைய கணக்கைத் தீர்க்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. காருக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வாரியைக் குவியலுக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

மகளுக்கு நாலரை வயது. அவள் ஓடிப் பாய்ந்தாள். தம்பி பின்னால் ஓடி, பாயத் தெரியாமல் குப்புற விழுந்து, வாய்க்குள் ஒரு இலையோடு எழும்பினான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், பின்னேரம் நாலு மணி எவ்வளவு பொல்லாத நேரமென்று. பகலில் ரீச்சர் இருக்கிறார், இரவில் களைத்துத் தூங்கிவிடுவார்கள். அந்த நாலிலிருந்து ஐந்து வரைதான் அவர்களை வழமையாக அம்மா கூட்டி வந்து, சப்பாத்தைக் கழற்றி, அப்பிள் வெட்டிக் கொடுக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் “இண்டைக்கு அம்மா வருவாவா?” என்று தொடங்குவார்கள். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பம்மாவின் முழங்காலோடு அவர்களுக்குப் பின்னால் ஓட முடியாது.

அடுத்த நாளும் நாலு மணிக்குக் குவியல் இருந்தது. அதற்கடுத்த நாளும். பிள்ளைகள் முற்றம் முழுக்கச் சிதறடித்துவிட்டுப் போவார்கள். காலையில் நான் வைத்தியசாலைக்குப் புறப்படும்போது அவர் வந்து திரும்பவும் கூட்டிக் குவித்துக்கொண்டிருப்பார். குவித்ததை அள்ளுவதில்லை. மாநகரசபை வண்டி வந்தது, போனது. தெரு முழுவதும் பைகள் வரிசையாக நின்றன, எங்கள் இரண்டு வீட்டு முன்னால் மட்டும் ஒன்றுமில்லை. ஒரு இலை கிடந்தாலும் பொறுக்காத மனிதர், நோய் இலை என்று எனக்கு வகுப்பெடுத்தவர், அதே நோய் இலைகளை கிழமைக் கணக்கில் தன் வேலியோரம் வைத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரும் குறைநினைக்கக் கூடாது. அந்த ஆறு கிழமையும் என்னைக் கண்டவர்களெல்லாம் முதலில் கேட்டது “இப்ப எப்படி இருக்கிறா?” என்றுதான். அக்கறையில்தான் கேட்டீர்கள், தெரியும். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தடவை அதற்குப் பதில் சொல்லும்போது, ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும். அந்தக் கிழவர் ஒரு நாள்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் “நாளைக்குப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருவார்கள்?” அவ்வளவுதான். அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அவருடைய கராஜில் ஒரு பழைய வானொலி இருக்கிறது. இந்த முறை ரொறொன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேஸ் உலகத் தொடர் வரைக்கும் போனதல்லவா, 1993க்குப் பிறகு முதல் தடவை. அவர் கூட்டும்போது அதன் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு பேஸ்போல் ஒன்றும் விளங்காது, கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் தீபாவளியன்று இரவு சியாட்டிலை வென்றபோது அவர் வீட்டுக்குள் கேட்ட கூச்சலில் எங்கள் அப்பம்மா விளக்கைத் தட்டிவிடப் பார்த்தா.

ஹலோவீனுக்கு முதல் நாள் இரவுதான் மகள் சொன்னாள், நாளைக்கு வேசம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டுமென்று. நான் ரீச்சர் அனுப்பிய கடிதத்தை வாசித்திருக்கவில்லை. கடைகள் மூடுகிற நேரம், கையில் ஒன்றுமில்லை. அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. “பரவாயில்லை அப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நாலரை வயதில் ஒரு பிள்ளை பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. நான் வெளியே வந்து சும்மா நின்றேன். அவர் கராஜில் வெளிச்சம் இருந்தது. போய்ச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் இலை போடும் கடதாசிப் பை ஒன்றை எடுத்து, அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கைக்கு இரண்டு ஓட்டை வெட்டினார். நானும் அவரும் இரவு பத்து மணிவரை இருந்து அதில் மேப்பிள் இலைகளை ஸ்ரேப்பிள் பண்ணினோம். விடிய மகள் இலைப்பையாகப் பள்ளிக்கூடம் போனாள். ஐந்து எல்சாக்களுக்கும் ஆறு ஸ்பைடர்மான்களுக்கும் நடுவில் ஒரேயொரு இலைப்பை. பின்னேரம் அவள் பக்கெட்டில் நிறைந்த சொக்லேட்டில் பாதி அவருக்குத்தான் போனது.

அவளும் அவரும் என்ன பேசுவார்களோ தெரியாது. ஒரு நாள் அவள் கரும்புள்ளி இலையொன்றைக் காட்டி இதற்கு என்ன வருத்தம் என்று கேட்டிருக்கிறாள். அன்று இரவு வீடியோ அழைப்பில் அந்த இலையை அம்மாவுக்குக் காட்டினாள். “அம்மா, இது பார்க்கத்தான் பயம். மரம் சாகாதாம். அடுத்த வருசம் புது இலை வருமாம்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, இலையை இன்னும் கிட்டக் கொண்டுவா என்றார்.

நவம்பர் 2, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறு. மணிக்கூட்டைத் தள்ளலாம், பிள்ளைகளை யார் தள்ளுவது? ஐந்து மணிக்கே இரண்டும் எழும்பிவிட்டன. வெளியே வந்தால் இருட்டில் அவரும் நிற்கிறார். முந்தின நாள் இரவு ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை போய், நள்ளிரவு தாண்டி புளூ ஜேஸ் தோற்றிருந்தது. மனிதர் தூங்கியிருக்க மாட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கே பொழுது படத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் நேரம் சுருங்கிப்போனது. திங்கட்கிழமை பார்த்தால், கராஜிலிருந்து நீள வயர் இழுத்து, எங்கள் மரத்துக் கொப்பில் ஒரு வேலை விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

அப்பம்மா அதற்குள் சமாதானமாகியிருந்தா. தட்டை வடை சுட்டு பேப்பரில் சுற்றி வேலிக்கு மேலால் கொடுப்பா. அவர் கடைசித் தக்காளிகளைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு சொல்லும் பொதுவில்லாத இரண்டு பேர், ஒருவர் சாப்பாட்டை ஒருவர் தலையை ஆட்டி விமர்சிப்பதைப் பார்க்க வேண்டும்.

ஊரில் எங்கள் அம்மம்மா விடிய முதலே முற்றம் கூட்டிவிடுவா. இலை கிடந்தால் வீட்டுக்கு இலட்சுமி வரமாட்டா என்பா. பலாவிலையை மட்டும் நாங்கள் கம்பியில் குத்திச் சேர்ப்போம், அது ஆட்டுக்கு. அந்தப் பழக்கத்தில் இலை என்றால் அப்புறப்படுத்த வேண்டிய ஒன்று என்றே எனக்கு மனதில் பதிந்திருந்தது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று வயதானவர்களைக் கேலி செய்கிற பிள்ளைகளுக்கு அம்மம்மா ஏச்சாகச் சொல்லுவா. எங்கள் முற்றத்தில் குருத்தோலைகள் சிரிப்பதற்கென்றே ஒரு காவோலை இலையைக் குவித்துக்கொண்டு நின்றது.

போன ஞாயிறு முதல் பனி விழுந்தது. குவியல் ஒரு வெள்ளைக் குன்றாகி, பிறகு கரைந்து, இப்போது நனைந்து கறுத்துக் கிடக்கிறது. வியாழக்கிழமை அம்மாவைக் காரிலிருந்து இறக்கி நடத்திக் கூட்டிவரும்போது, மகள் முதலில் காட்டியது அதைத்தான். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் தலையைப் பார்க்கிறேன், சுத்த வழுக்கை. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருடம் அவர் வீட்டுப் புல்லில் எங்கள் மரத்தின் ஒரு இலை ஒரு இரவு தங்காது. இது நான் எல்லோர் முன்னாலும் சொல்கிற வாக்கு. டிசம்பர் நடுவில் கடைசி வண்டி வரும்வரைக்கும் குவியல் மட்டும் இருக்கட்டும் என்று இரண்டு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறோம்.

இப்போது ஒரு உதவி. அவர் பின்வளவில் ஒரு அத்தி மரம் இருக்கிறது. இந்தக் குளிருக்கு அது தாங்காது, ஒவ்வொரு வருடமும் கொப்புகளை இழுத்துக் கட்டி, பழைய போர்வைகளால் சுற்றி, மேலே தறப்பாள் போட்டு மூடுவார். இந்த வருடம் அந்த வேலை பிந்திவிட்டது, ஏனென்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் சேர்ந்து செய்யப் போகிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போர்வை, கம்பளி, கயிறு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். சாப்பாடு கொண்டுவர வேண்டாம், அப்பம்மா வடை சுடுவா. உங்கள் பெட்டிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைகளுக்குப் பூட்ஸ் போட்டுக் கூட்டி வாருங்கள், இலை ஈரமாக இருக்கிறது.