பழைய பட்டு, கொலு பொம்மை கொண்டு வருபவர்களுக்கு

வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வண்ணாரப்பேட்டையில் வழக்கமான இடத்தில் கூடுகிறோம்.

பாட்டி காலத்துப் பட்டுப் புடவையைத் தயவுசெய்து ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக உருக்கப் போட்டுவிடாதீர்கள். போன மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில், நான் போய்ச் சேர்வதற்குள் அரக்குப் புடவையின் முந்தானையை வெட்டி எடைக்குப் போட்டிருந்தார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. ஜரிகை அசலா என்று பார்க்க, ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரு இழையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல்தான். கொளுத்திப் பார்க்க வேண்டாம்.

காகிதக்கூழ் பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் கழன்று வரும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். மரப்பாச்சிக்குப் புதிதாகப் பாலிஷ் போடாதீர்கள். பல கைகள் பட்டுத் தேய்ந்த அந்த வழுவழுப்புக்குத்தான் மதிப்பு.

அப்புறம், விற்க நினைப்பவர்கள் படத்தையும் விலையையும் சனிக்கிழமை இரவுக்குள் குழுவில் போட்டுவிடுங்கள்.